சின்ன வயதில் பார்த்த டிவி நிகழ்ச்சிகளில் இன்றும் உங்கள் மனதை விட்டு நீங்காதது எது? ஏன்?

'டேவி அண்ட் கோலியாத்'. ஒரு பையனும் அவனோடு பேசும் நாயும் வருகிற அமெரிக்கப் பொம்மைத் தொடர். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் அதிகம் பேர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் பிள்ளைகளாக இருந்தவர்களிடம் பேரைச் சொன்னாலே போதும், அந்த நாயின் கனத்த குரலில் "ஐ டோன்ட் நோ, டேவீ" என்று இழுத்துப் பேசிக் காட்டுவார்கள்.

எனக்கு ஏழு வயது ஆகும்போது அப்பாவின் மேற்படிப்புக்காகப் பென்சில்வேனியா போனோம். அதற்கு முன்பு எனக்குத் தெரிந்த உலகம் தரங்கம்பாடிதான். வீடு, கடல், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் கட்டிய புது எருசலேம் கோயில், அப்பாயியின் கை. போன இடத்தில் பாஷையும் புரியவில்லை, குளிரும் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது டிவியில் ஒரு மெட்டு வந்தது. ஒற்றைக் காலுறையோடு ஓடிப்போய் நின்றேன். அது எங்கள் ஊர்ப் பாட்டு! சபைச் சீர்திருத்த நாளில் அப்பாயி எழுந்து நின்று பாடுகிற லுத்தர் பாட்டு. "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்" என்று தொடங்கும் 46ஆம் சங்கீதத்தை வைத்து மார்ட்டின் லுத்தர் எழுதியது. அந்த நாட்டில் நான் முதன்முதலில் அடையாளம் கண்டுகொண்ட பொருள் அந்த மெட்டுதான்.

அது ஏன் அங்கே ஒலித்தது என்பது பெரியவளான பிறகுதான் தெரிந்தது. நிகழ்ச்சிக்குப் பணம் போட்டதே அமெரிக்க ஐக்கிய லுத்தரன் சபை. ஒளிபரப்பு 1961இல் தொடங்கியது. ஒவ்வொரு கதையும் கால் மணி நேரம். டிவி நிலையங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அதனால்தான் ஊர் ஊராக ஞாயிறு காலைகளில் ஓடிக்கொண்டே இருந்தது. உருவாக்கியவர்கள் ஆர்ட் க்ளோக்கியும் அவர் மனைவி ரூத்தும். 'கம்பி' (Gumby) என்ற பச்சைக் களிமண் பையனைப் படைத்ததும் இதே க்ளோக்கிதான். ஒரு காலத்தில் குருவானவர் ஆக வேண்டுமென்று இறையியல் படிக்கப் போனவர் அவர். ரூத் ஒரு போதகரின் மகள். (பிற்காலத்தில், 1979இல், க்ளோக்கி சத்ய சாயி பாபாவைப் பார்க்க இந்தியாவுக்கே வந்து போனார். தேடல் உள்ள மனிதர்.)

கதை எளிமையானது. டேவி ஹேன்சன் என்ற பையன். அப்பா, அம்மா, தங்கை சாலி. கூடவே கோலியாத் என்கிற பெரிய நாய். கோலியாத் பேசுவது டேவிக்கு மட்டும்தான் கேட்கும். தாவீது என்ற சிறுவன் கோலியாத் என்ற ராட்சதனை வீழ்த்தும் பைபிள் கதையை ஓய்வுநாள் பாடசாலையில் படித்துவிட்டு வந்தவளுக்கு இது பெரிய குழப்பமாக இருந்தது. கவண்கல்லால் அடித்து வீழ்த்த வேண்டியவன் எப்படி இவனுக்குத் தோழனானான்? அம்மாவிடம் கேட்டேன். "இந்த தாவீதுக்குச் சண்டை போட ஆள் தேவையில்லடி, கூட நிக்கத்தான் ஆள் தேவை" என்றாள். அம்மா சொன்னதுதான் சரி. கோலியாத் ஒருபோதும் பிரசங்கம் செய்வதில்லை. டேவி தப்புச் செய்யக் கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை கேட்கும். அவன் கேட்காமல் போனாலும் பின்னாலேயே போகும். அவ்வளவுதான்.

இதை எடுத்த ஸ்டாப் மோஷன் முறையை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து. சினிமாச் சுருளில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். கால் மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 21,600. டேவி படியிறங்கும்போது இலேசாக ஒரு வெட்டு வெட்டி அசைவான். கோலியாத்தின் வாலும் அப்படித்தான். அந்த வெட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். யாரோ ஒருவர் அந்தப் பொம்மையைத் தொட்டு, விட்டு, மறுபடி தொட்டிருக்கிறார் என்று அது காட்டிக்கொடுக்கும்.

எல்லாக் கதைகளும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் கடைசி இரண்டு நிமிடம் டேவியின் அப்பா உட்கார்ந்து கடவுளைப் பற்றி விளக்குவார், அப்போது கதை நின்றுவிடும். அவன் அம்மா பெரும்பாலும் அடுப்படியிலேயே இருப்பாள். ஆனால் டேவியின் உயிர்த் தோழன் ஜோனத்தன் ஒரு கறுப்பினப் பையன். கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் சமமாக விளையாடவிட்ட குழந்தைகள் நிகழ்ச்சி அன்று மிக அரிது. அதைப் பற்றி யாரும் அங்கே ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், இரண்டு பேரும் சேர்ந்து ஓடுவார்கள், விழுவார்கள். வகுப்பில் நான் ஒருத்திதான் மாநிறம். ஜோனத்தன் திரையில் வரும்போது தானாக நிமிர்ந்து உட்காருவேன்.

இனி, ஏன் மறக்கவில்லை என்பதற்கு வருகிறேன்.

1974 தொடக்கத்தில் ஊரிலிருந்து தந்தி வந்தது. அப்பாயி போய்விட்டாள். விமானச் சீட்டுக்குப் பணம் இல்லை. அப்பா போகவில்லை. விவரமான கடிதம் வந்து சேருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அப்பா எங்கள் முன்னால் அழவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வீட்டில் அந்தப் பேச்சே இல்லாமல் போயிற்று.

அந்த வருடப் பாஸ்கு நாட்களில் டேவியின் அரை மணி நேர ஈஸ்டர் கதை ஒன்றைப் போட்டார்கள். டேவியின் பாட்டி அவனோடு ஓடியாடி விளையாடுகிறவள். திடீரென்று இறந்துபோகிறாள். குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் அதை மூடி மறைக்கவில்லை, பாட்டி தூங்குகிறாள் என்று சொல்லவில்லை. இறந்துவிட்டாள் என்றே சொன்னார்கள். டேவி துக்கத்தோடு அலைகிறான். பிறகு கோயிலில் ஈஸ்டர் நாடக ஒத்திகை நடக்கும் இடத்தில்தான் அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது.

தம்பி திரும்பிப் பார்த்து, "அப்பாயியும் இப்படித்தானே அப்பா?" என்று கேட்டான்.

அப்பா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். வந்து எங்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தார். நிகழ்ச்சி முடிந்து டிவியை அணைத்த பிறகு அதே லுத்தர் பாட்டை மெதுவாகத் தமிழில் பாடத் தொடங்கினார். அப்பாயிக்கு வழக்கமாக எந்த வரியில் மூச்சு வாங்குமோ, அந்த வரியில் அவரும் நிறுத்தினார். மீதியை அம்மா பாடினாள்.