ஷவருக்கு இன்ஸ்டன்ட் ஹீட்டர் போடலாமா?

கேள்வி: ஊட்டில இருக்கோம். பாத்ரூம் ஷவருக்கு 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் மாட்டப் போறோம். பக்கத்துல இருக்குற 6 ஆம்ப் பாயின்ட்லயே கனெக்‌ஷன் குடுத்துடலாம்னு எலக்ட்ரீஷியன் சொல்றாரு, சரியா?
- ஒரு வாசகி

பதில்: அய்யோ, வேணாம்மா! 3 கிலோவாட்டுன்னா 13 ஆம்ப் இழுக்கும், அந்த பாயின்ட் சூடாகி உருகிடும். வீட்டுக்குள்ள கரன்ட்டப் பிரிச்சு அனுப்புற டிபி பாக்ஸ்லேர்ந்து தனியா 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் இழுத்து, 20 ஆம்ப் எம்சிபி (லோடு அதிகமானா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) போடச் சொல்லுங்க, கூடவே 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் (கரன்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) கண்டிப்பா வேணும், ஏன்னா ஈரக் கையோட நிக்கிற இடம், எம்சிபி மட்டும் ஷாக்லேர்ந்து காப்பாத்தாது. எர்த் இருக்கான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, சும்மா வயர் தொங்குனா எர்த் ஆகிடாது. சுவிட்ச் ஷவர் தண்ணி படாத இடத்துல, முடிஞ்சா கதவுக்கு வெளியவே இருக்கட்டும்.

அதவிட முக்கியமா ஒண்ணு. உங்க ஊர் குளிர்ல தண்ணி 15 டிகிரி இருக்கும்னு வைங்க, அத 40க்கு ஏத்தணும்னா இந்த ஹீட்டர் நிமிஷத்துக்கு ஒன்னே முக்கா லிட்டர்கூட தராது, ஷவர்ல நூல் மாதிரிதான் வரும். கோயம்புத்தூர்னா ஓரளவு சமாளிக்கலாம். ஊட்டிக்கு 15 இல்ல 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசரே வாங்கிடுங்க, 15 லிட்டர்னா 2 கிலோவாட்ல தண்ணி முழுசா சூடாக இருபது நிமிஷத்துக்கு மேல ஆகும், போட்டுட்டு காபி குடிச்சுட்டு வாங்க.