பல்லாங்குழி, பரமபதம், தாயம்: சின்னப் பிள்ளைகளோடு எப்படி ஆடுவது? (கேள்வி பதில்)

கேள்வி: மகளுக்கு 4 வயது. 20 வரை கடகடவென்று சொல்கிறாள். "ஏழு புளியங்கொட்டை கொடு" என்றால் கைநிறைய அள்ளித் தருகிறாள். ஏன்?

பதில்: எண்களைப் பாட்டுபோல மனப்பாடம் செய்திருக்கிறாள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. இந்த வயதில் இது சகஜம். கடை விளையாட்டு ஆடுங்கள், அவள் கடைக்காரி. "மூணு கொட்டை வேணும்" என்று தொடங்குங்கள். சரியாகத் தந்தால் நாலு, அப்புறம் ஐந்து. கூடக்குறையத் தந்தால், ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்து அவளையே எண்ணச் சொல்லி, "நாலு இருக்கு, நான் கேட்டது மூணு" என்று மொத்தத்தைத் தனியாகச் சொல்லுங்கள். பெரும்பாலோர் எண்ணி முடித்ததோடு விட்டுவிடுகிறார்கள். மொத்தத்தைச் சொல்லும் அந்த ஒரு வரிதான் முக்கியம்.

கேள்வி: பரமபதத்தில் மகன் (5 வயது) 24-இல் நிற்கிறான். பகடையில் 3 விழுந்தால், நிற்கிற கட்டத்தையே "ஒண்ணு" என்று எண்ணி 26-க்குப் போகிறான். எப்படித் திருத்துவது?

பதில்: "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண விடாதீர்கள். காய் போய் உட்காரும் கட்டத்தின் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்: "இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு." தப்பும் நின்றுபோகும், எண் வரிசையும் மனதில் பதியும்.

100 கட்டப் பலகை 5 வயதுக்குப் பெரிது. அதிலும் ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று திரும்புவதால் பிள்ளை திணறும். பழைய காலண்டர் அட்டையில் ஒரே நேர்வரிசையாக 1 முதல் 10 வரை கட்டம் போடுங்கள். பகடைக்குப் பதில் நாணயம்: தலை விழுந்தால் 1, பூ விழுந்தால் 2. உளவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப்பட்ட பலகையைத்தான் பயன்படுத்தினார்கள். இரண்டு வாரத்தில் மொத்தம் ஒரு மணி நேரம் போல ஆடிய பிள்ளைகளுக்கு எது பெரிய எண், எது சின்ன எண் என்ற தெளிவு கூடியது. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட பலகையில் ஆடியவர்களுக்கு அது வரவில்லை.

கேள்வி: பல்லாங்குழியில் குழிக்கு எத்தனை வைக்கலாம்? சின்னப் பிள்ளைதானே என்று மூன்று வைத்தேன், ஆட்டமே நடக்கவில்லை.

பதில்: நடக்காது. ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் அது பசு, அதை அள்ளி எடுத்துவிடுவார்கள். குழிக்கு 3 வைத்தால் போடுகிற குழியெல்லாம் உடனே 4 ஆகிப் பசுவாகிவிடும். எந்தக் குழியில் தொடங்கினாலும் முதல் எடுப்பிலேயே 42 காயில் 40 பசுவாய்ப் போய்விடும். 5 வையுங்கள், 14 குழிக்கு 70 காய். ஐந்து காய் சின்னக் கைக்குள் அடங்கும். 12 வைத்து ஆடும் முறை பெரியவர்களுக்கு.

முதல் சில நாள் பசு வேண்டாம், குழிக்கு ஒன்றாகக் காயைப் போட்டுக்கொண்டே போவது போதும். வழக்கமான தப்பு இரண்டு: ஒரே குழியில் இரண்டு காய் விழுவது, வரிசை திரும்பும் மூலைக் குழியைத் தாண்டிவிடுவது. போடும்போது வாய்விட்டு எண்ணினால் இரண்டும் குறையும். கை பழகியதும், "இந்த அஞ்சும் எந்தக் குழியில போய் முடியும்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளை விரலை நீட்டிக் காட்டும் வரை நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. பிள்ளை யோசிக்கும் அந்தச் சில நொடி பொறுக்காமல் பதிலைச் சொல்லிக் கெடுப்பது அநேகமாக அப்பாக்கள்தான்!

கேள்வி: காய்க்குக் குன்றிமணி வைக்கலாமா?

பதில்: கூடாது. அது கடும் விஷம்; மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சிவப்பில் கறுப்புப் பொட்டு இருந்தால் குன்றிமணி; முழுச் சிவப்பு மஞ்சாடி. குழப்பமே வேண்டாம், புளியங்கொட்டை போதும். 3 வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் சோழி, கொட்டை எதுவும் தரையில் கிடக்கக்கூடாது, தொண்டையில் சிக்கும்.

கேள்வி: தாயம் எப்போது தொடங்கலாம்?

பதில்: ஆறு வயதுவாக்கில். இரண்டு கட்டையையும் கூட்டத் தெரிய வேண்டும். இரண்டிலும் வெற்றுப்பக்கம் விழுந்தால் பன்னிரண்டு என்பது பூச்சியத்தை இப்போதுதான் படிக்கும் பிள்ளையைக் குழப்பும். முதல் மாதம் அதைப் பூச்சியமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி சண்டைக்கு வந்தால் வரட்டும்.

கேள்வி: தோற்றால் மகன் அழுது பலகையைத் தட்டிவிடுகிறான். நான் வேண்டுமென்றே தோற்கலாமா?

பதில்: பரமபதத்தில் அதற்கு வழியே இல்லை, பகடை விழுகிறபடிதான். அதனால் தோற்றுப் பழக அதுவே நல்லது. பல்லாங்குழியில் விட்டுக்கொடுத்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும். அதற்குப் பதில் முதலிலேயே அவனுக்கு 5 காய் கூடுதலாகக் கொடுங்கள். பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும்போது ஆட்டத்தை எடுக்காதீர்கள். 15 நிமிடம் போதும். "இன்னொரு ஆட்டம்" என்று கேட்கும்போதே மூடி வையுங்கள்.