ஊசி குத்தி ஐந்து நாள்: இனி முறையிட்டுப் பயனுண்டா?

கேள்வி: யாழ். நகரில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஒப்பந்தக்காரர் மூலம் துப்புரவு வேலை செய்கிறேன். குப்பைப் பையைத் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி தொடையில் குத்திவிட்டது. ஏற்பூசி போட்டால் போதும், எழுத்தில் ஒன்றும் வேண்டாம் என்றார் மேற்பார்வையாளர். அடுத்த நாள் தனியார் லாப்பில் இரத்தம் சோதித்தேன். ஒன்றுமில்லை என்று வந்தது. ஐந்து நாளாகிறது. இனியும் முறையிட வேண்டுமா? — வாசகி, கோண்டாவில்

(அவசரம் கருதி இந்தப் பதில் வாசகிக்கு முன்கூட்டியே அனுப்பப்பட்டது.)

பதில்: முறையிடுங்கள். இன்றைக்கே, எழுத்தில்.

முதலில் அந்த லாப் ரிப்போட். குத்திய ஊசியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. கிருமி உள்ளே போயிருந்தாலும் இரத்தத்தில் தெரியக் கிழமைக்கணக்காகும். மறுநாள் எடுத்த சோதனை, ஊசி குத்த முன்னர் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை மட்டுமே காட்டும். ஆனாலும் அதைப் பத்திரமாக வையுங்கள். ‘உனக்கு இது முதலே இருந்தது’ என்று நாளைக்கு யாராவது சொன்னால் வாயை அடைக்கப்போகும் காகிதம் அதுதான். தேவையில்லாத சோதனைகளையும் சேர்த்து ‘பக்கேஜ்’ என்று காசு வாங்கி, ‘பயமில்லை, போங்கோ’ என்று அனுப்பும் லாப்புகளுக்கும், அங்கே ஆள் பிடித்துக் கொடுத்துக் கொமிசன் எடுப்பவர்களுக்கும் இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியவை எச்.ஐ.வி., ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் பி, ஹெப்பரைற்றிஸ் சி ஆகிய மூன்றும்தான். ஆறு கிழமை, மூன்று மாதம், ஆறு மாதம் எனத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போய் ‘வேலையிடத்தில் ஊசி குத்தியது’ என்று சொல்லுங்கள். பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினால் பெயரைப் பார்த்துக் கூசாதீர்கள், எச்.ஐ.வி. விடயம் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் என்றால் மிக நல்லது. உங்களுக்கு அந்தத் தவணை போய்விட்டது. ‘எழுத வேண்டாம்’ என்ற ஒரு சொல் பறித்தது அதைத்தான். ஏற்பூசி ஏற்புவலிக்கு மட்டுமே. இந்த மூன்று கிருமிகளில் ஒன்றையும் அது தடுக்காது. ஆனால் பதற வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி ஆயிரம் பேரைக் குத்தினாலும் தொற்றுவது ஏறக்குறைய மூன்று பேருக்குத்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்பரைற்றிஸ் பி என்றால் அது முந்நூறு வரை போகும்.

ஆகவே உங்கள் அவசரம் ஹெப்பரைற்றிஸ் பி. அதன் தடுப்பூசியை இப்போதும் தொடங்கலாம்: இன்று, ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில். தேவையென்றால், தயாரான எதிர்ப்புச் சக்தியை உடனே தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியையும் வைத்தியர் சேர்ப்பார்; அதற்கு ஏழு நாள்தான் தவணை, உங்களுக்கு இரண்டு நாளே மிச்சம். ஒரு விலக்கு உண்டு, அதையும் பலர் பிழையாகவே விளங்கிக்கொள்கிறார்கள். மூன்று ஊசியும் போட்டு, அதன்பின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி 10 அலகுக்குக் குறையாமல் இருந்ததாக ஒருமுறை ரிப்போட் வந்தவருக்கு மறுபடி ஊசி வேண்டாம். அந்த அளவு பிறகு இறங்கியிருந்தாலும் பரவாயில்லை. தடுப்பூசி அட்டையில் மூன்று சீல் இருந்தால் மட்டும் போதாது, அளந்த ரிப்போட்டும் வேண்டும். இரண்டோடு நிறுத்தியவருக்கு இந்த விலக்கே இல்லை. ‘சின்னனில் போட்டது’ என்பதையும் நம்ப வேண்டாம்: இலங்கையில் குழந்தைகளுக்கான அட்டவணையில் இது சேர்ந்தது 2003இல்தான்.

இனிக் கடிதம். திகதி, நேரம், எந்த விடுதியின் பை, ஊசி துளையுள்ளதா தையலூசியா, இரத்தம் தெரிந்ததா, கையுறை போட்டிருந்தீர்களா, கண்டவர் யார், யாரிடம் வாயால் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். ‘கண்ணாடி வெட்டியது’ என்று மாற்றி எழுதச் சொல்வார்கள். அந்தத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். ஒப்பந்தக்காரருக்கு ஒன்று, வைத்தியசாலை நிர்வாகத்துக்கு ஒன்று. பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள்; மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வையுங்கள். ‘அவர் எங்கள் ஆள் இல்லை’ என்று இரண்டு பக்கமும் பந்தைத் தட்டுவது இங்கே பழகிப்போன விளையாட்டு. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது, துப்புரவுத் தொழிலாளிக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. ‘கிளைம் எடுத்துத் தாறன், பாதி எனக்கு’ என்று வருபவரிடம் மூல ஆவணம் ஒன்றையும் கொடுக்காமல் நேரே தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

இறுதிச் சோதனை வரும்வரை இரத்ததானம் வேண்டாம். கணவனோடு ஆணுறை பாவியுங்கள். அந்த ஊசியைப் போத்தலில் போட்டு வைத்திருந்தால் சோதிக்கக் கொண்டுதிரிய வேண்டாம், ஊசியை யாரும் சோதிப்பதில்லை. விடுதியிலுள்ள ஊசிப் பெட்டியில் போத்தலோடு போடக் கொடுங்கள்.