வெட்ட வெட்டத் தழையும் உண்ணிச்செடி

கேள்வி: எங்கள் மேய்ச்சல் நிலத்தில் முள் தண்டுள்ள ஒரு புதர் சில வருடங்களாகப் பரவி வருகிறது. ஒரே கொத்தில் மஞ்சள் பூவும் ரோஸ் பூவும் இருக்கின்றன. இரண்டு முறை வெட்டி எரித்தோம்; மழைக்குப் பிறகு முன்பைவிட அடர்த்தியாக வந்துவிட்டது. புதிதாக வாங்கிய மாடு ஒன்றுக்கு மூக்குத் தோல் வெடித்து, கண் மஞ்சளாகிவிட்டது. அந்தச் செடிதான் காரணமா? எப்படி ஒழிப்பது?

பதில்: செடியைப் பிறகு பார்ப்போம், முதலில் மாடு. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் உண்ணிச்செடி விஷத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. அதன் இலையிலுள்ள லண்டடீன் என்ற நச்சு ஈரலைத் தாக்கி, பித்தநீர் வடிவதைத் தடுக்கிறது. பச்சைத் தீவனம் செரிக்கும்போது உண்டாகும் ஒரு நிறமிப்பொருள் பித்தத்தோடு வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் தேங்குகிறது. வெயில் பட்டதும் அது தோலைப் புண்ணாக்கும். முடி குறைந்த, வெளிறிய இடங்களான மூக்கு, காது, மடி முதலில் வெடிப்பது அதனால்தான். மாட்டை உடனே நிழலில் கட்டுங்கள். இருட்டான கொட்டகை இருந்தால் இன்னும் நல்லது. இன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வயிற்றின் அசைவு நின்றுபோவதால் தின்ற இலை உள்ளேயே கிடந்து நாள்கணக்கில் நச்சை விட்டுக்கொண்டிருக்கும். அதை உறிஞ்சி எடுக்க மருத்துவர் கரித்தூள் கரைசல் கொடுக்கக்கூடும். கைவைத்தியத்தில் இரண்டு நாளைக் கடத்திவிடாதீர்கள். இந்த நிலத்திலேயே பிறந்து வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. பசியோடு வந்து சேரும் புது மாடுதான் மாட்டிக்கொள்ளும்.

சரி, இப்போது செடி. தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், நான்கு பட்டையாக இருக்கும். முள் பின்பக்கம் வளைந்திருக்கும். இலைகள் எதிரெதிராக, ஓரம் ரம்பப் பல்லாக, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். கசக்கினால் பூனை மூத்திரம் போல ஒரு நெடி வரும். கொத்தின் நடுவில் புதுப் பூ மஞ்சளாகவும், வெளிச்சுற்றில் பழைய பூ ரோஸ், ஆரஞ்சு அல்லது சிவப்பாகவும் இருக்கும். காய் பச்சை, பழம் கருநீலம். இத்தனையும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம். தரையில் படர்ந்து, கொத்து முழுக்க ஊதாவாகவே பூக்கிறதென்றால் அது இதன் உறவுக்காரச் செடி, தோட்டங்களில் வளர்ப்பது.

இது அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. அழகுக்காக ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொண்டுபோய், கலப்பினம் கலப்பினமாகப் பெருக்கி உலகம் முழுக்க அனுப்பினார்கள். அதன் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம். 1902இலேயே ஹவாய்த் தீவில் இதைத் தின்னும் பூச்சிகளை மெக்சிகோவிலிருந்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் ஏறத்தாழ 40 வகை உயிரிகளை விட்டுப் பார்த்தாயிற்று. ஒரு ரகத்தை விரும்பித் தின்னும் பூச்சி பக்கத்து ரகத்தைச் சீண்டுவதில்லை. எனவே பூச்சியை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் வெட்டியும் அது போகாததற்குக் காரணம் வேர்க்கழுத்து. தண்டும் ஆணிவேரும் சேரும் அந்தக் கணுப்பகுதியில்தான் துளிர் மொட்டுகள் உறங்குகின்றன. மேலே வெட்டினாலும் எரித்தாலும் அவை எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன; ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு வருகிறது. பாதி வேலை செய்வதைவிட செடியைத் தொடாமல் விடுவது மேல் என்பது என் அபிப்பிராயம்.

மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, பழம் வருவதற்கு முன், தண்டின் அடியில் மண்ணை விலக்குங்கள். தரைமட்டத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரைக் குந்தாலியால் வெட்டி, புதரை அப்படியே தூக்கி வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்க்காவிட்டால் ஈர மண்ணைத் தொட்ட கிளை பதியம் போட்டதுபோல வேர் பிடித்துவிடும். முள்ளுக்குத் தடித்த கையுறை கட்டாயம். காய்ந்துகொண்டிருக்கும் இலையிலும் விஷம் இருப்பதால் அந்தப் பக்கம் மாடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாறை இடுக்கில் தோண்ட முடியாத புதருக்கு மட்டும் களைக்கொல்லி. தரையை ஒட்டி வெட்டி, வெட்டுவாய் காய்வதற்குள், அதாவது ஒரு நிமிடத்துக்குள், அடிக்கட்டையில் மருந்தைத் தடவ வேண்டும். கிளைபோசேட் தெளித்தால் பக்கத்துப் புல்லும் சாகும், அதனால் தடவுவதே நல்லது. பிக்ளோராம் புல்லை விட்டுவைக்கும். ஆனால் மண்ணில் நெடுநாள் தங்கி, பயறு வகைகளையும் மரங்களையும் கெடுக்கும். எந்த மருந்தானாலும் உங்கள் பகுதியில் அனுமதி உள்ளதா என்று பார்த்து, அளவையும் மேய்ச்சல் இடைவெளியையும் (மருந்திட்ட பிறகு மாட்டை மேயவிடாமல் காத்திருக்க வேண்டிய நாள்கள்) லேபிளில் உள்ளபடியே கடைப்பிடியுங்கள்.

எங்கே தொடங்குவது? எல்லோரும் கண்ணை உறுத்தும் பெரிய புதர்க்காட்டில்தான் கை வைப்பார்கள். நான் மாற்றித்தான் சொல்வேன். ஓரங்களில் ஒற்றை ஒற்றையாக நிற்கும் இளஞ்செடிகளை முதலில் எடுங்கள். ஆட்கூலி குறைவு, நிலமும் உடனே மீளும். அப்புறம், நிலத்தில் ஓடை இருந்தால், அதன் மேல்பக்கத்திலிருந்து கீழாக வாருங்கள். அடர்ந்த நடுப்பகுதி கடைசியில். ஒரேயடியாக எல்லாவற்றையும் அழித்து வெறும் மண்ணாக விடாதீர்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் பார்த்துக்கொள்ள முடிந்த அளவை மட்டும் எடுத்து, அந்த இடத்தில் உடனே புல் விதை தூவி, புல் வேரூன்றும்வரை மேய்ச்சலை நிறுத்துங்கள். புல் மூடிய மண்ணில் உண்ணிச்செடி விதை எளிதில் தலைதூக்காது. மேய்ந்து மேய்ந்து மொட்டையான தரைதான் அதற்குப் பிடித்த இடம்.

ஒரு புதர் வருடத்தில் 12,000 பழம் வரை காய்க்கக்கூடும். பறவைகள் அதைத் தின்று, மரத்தில் உட்கார்ந்து கீழே எச்சமிடுகின்றன. எனவே அடுத்த சில மழைக்காலங்களில், மழை விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து, முதலில் மரத்தடிகளையும் வேலியோரத்தையும் சுற்றிப் பாருங்கள். சாண் உயரக் கன்றாக இருக்கும்போது கையால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும்.