கடலாமை மீட்பு மையத்தில் தன்னார்வப் பணி: கேள்வி பதில்

கிரீஸ் நாட்டில் ஏதென்ஸை ஒட்டிய கிளிஃபாதாவில் ஆர்கெலோன் அமைப்பு 1994 முதல் ஒரு கடலாமை மீட்பு மையம் நடத்துகிறது. பழைய ரயில் பெட்டிகளை வைத்து உருவாக்கிய இடம். தூண்டில் விழுங்கியது, படகு விசிறி வெட்டியது, வலையில் சிக்கியது என அடிபட்ட ஆமைகள் அங்கே வரும். அதுபோன்ற மையங்களில் தொட்டி வேலை, தீவனம், சிகிச்சை, விசா இவை பற்றிக் கேளுங்கள். பல்கலைக்கழகச் சேர்க்கை பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

கோவை, விலங்கியல் மாணவி: அக்கா, மையத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

பெரும்பகுதி கழுவுவதில் போகும். காலையில் தண்ணீரில் கை வைக்கும் முன் ஒவ்வொரு தொட்டியையும் நின்று பார்க்க வேண்டும். ஆமை மட்டமாக மிதக்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, மூச்சு விடத் தலையைச் சரியாகத் தூக்குகிறதா, கழிவு இருக்கிறதா, நேற்றைய தீவனம் மிச்சமா, எல்லாவற்றையும் அதன் அட்டையில் எழுதுங்கள். தொட்டியைக் கலக்கிவிட்டால் பாதித் தகவல் போய்விடும். மருத்துவர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

பிறகு கழிவையும் மிச்ச மீனையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, சுவரில் படிந்த பாசியைத் தேய்த்து, தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு தொட்டியின் பிரஷும் கைவலையும் இன்னொரு தொட்டிக்குப் போகக் கூடாது. போக வேண்டி வந்தால் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, காயவைத்த பிறகுதான். பச்சை ஆமைகளுக்குக் கட்டிகள் வரவைக்கும் ஹெர்பெஸ் வகை வைரஸ் ஒன்று உண்டு. அதனால்தான் கட்டி உள்ள ஆமையைத் தனித்தொட்டியில் வைத்து, அதன் வேலையைக் கடைசியில் செய்வார்கள்.

தீவனத்துக்கு உறைந்த மீனையும் கணவாயையும் முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வைக்க வேண்டும். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் வெளிச்சதை கெட்டுப்போகும், நடு ஐஸாகவே இருக்கும். பொதுவாக உடல் எடையில் 1 முதல் 3 சதவீதம், அதாவது 40 கிலோ ஆமைக்கு 400 கிராமிலிருந்து 1.2 கிலோ வரை. மருத்துவர் சொன்ன அளவே அளவு, பாவம் பார்த்துக் கூட்டக் கூடாது. உறைந்த மீனில் பி1 வைட்டமின் குறைந்துவிடும், சில மீன்களில் அதை அழிக்கும் நொதியே இருக்கிறது. ஆகவே மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகித் தருவார்கள். அந்த மீனை முதலில் கொடுங்கள், வயிறு நிறைந்த பிறகு கொடுத்தால் துப்பிவிடும். நீளமான இடுக்கியால் ஒவ்வொன்றாகப் போட்டு, எத்தனை தின்றது என்று எண்ணுங்கள். மிச்சத்தை உடனே எடுங்கள், இல்லாவிட்டால் அமோனியா ஏறும்.

மதியத்துக்கு மேல் பார்வையாளர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை இருக்கும். மறுநாள் மறுபடி கழுவல்.

திருச்சி: ஆமையைக் கையில் வைத்துப் போட்டோ எடுக்க விடுவார்களா?

மாட்டார்கள். விடும் மையம் என்றால் அங்கே போகாதீர்கள். ஆமைத் தோலிலும் தண்ணீரிலும் சால்மொனெல்லா இருக்கும், கையில் வெட்டுக்காயம் இருந்தால் மைக்கோபாக்டீரியம் புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகும். ஆமைக்கோ, பிடித்துத் தூக்கப்படுவதே பெரிய அதிர்ச்சி.

பெங்களூர், மென்பொருள் துறை: விசா எது? நீச்சல் தெரிய வேண்டுமா?

இந்தியப் பாஸ்போர்ட்டில் 90 நாளுக்குள் என்றால் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு என்பதால் தள்ளிப்போடாதீர்கள். மையத்தின் அழைப்புக் கடிதத்தில் வேலை ஊதியமில்லாதது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எங்கே தங்குவீர்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் உண்மையான நோக்கத்தையே எழுதுங்கள். சுற்றுலா என்று எழுதிவிட்டு விமான நிலையத்தில் ஆமைக் கதை சொன்னால் சிக்கல். 90 நாளுக்கு மேல் என்றால் கிரீஸின் தேசிய விசா, அது வேறு வழி.

நீச்சல் வேண்டாம். தொட்டிக்குள் நீந்துவது ஆமை.

சேலம்: சம்பளம் எவ்வளவு?

கிடையாது. பங்கேற்புக் கட்டணம் நீங்கள்தான் கட்ட வேண்டும். விமானம், சாப்பாடு, காப்பீடு தனி.

மயிலாடுதுறை: நான் சைவம். மீன் வெட்டாமல் இருக்க முடியுமா?

கிரீஸில் வருபவற்றில் பெரும்பாலானவை பெருந்தலை (லாகர்ஹெட்) ஆமைகள், அவை மாமிசப் பட்சிணிகள். மீன் வெட்டும் முறை வரும்போதெல்லாம் ஒதுங்கினால் கூட இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். கடற்கரைப் பணிக்குப் போங்கள். சாகிந்தோஸ், கிபாரிசியா வளைகுடா, கிரீட் தீவு ஆகிய இடங்களில் மே முதல் அக்டோபர் வரை நடக்கும். விடியுமுன் கிளம்பி மணலில் தடம் பார்த்து, கூட்டைக் கண்டுபிடித்து, நாயும் நரியும் தோண்டாமல் கம்பிவலை பதிக்க வேண்டும். கூடாரத்தில்தான் தங்கல். வெயிலும் நடையும் பழகியிருந்தால் போதும்.

இலங்கையின் காலி நகரில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர்: அக்கா, கிரீஸுக்கு ஏன் போக வேணும்? கொஸ்கொட, இந்துருவ பக்கம் முட்டைப் பொரிப்பகங்கள் நிறைய இருக்குதே. வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு கட்டி வந்து நிக்கினம்.

வந்து நிற்பது தெரியும். ஆனால் மீட்பு மையமும் பொரிப்பகமும் ஒன்றல்ல. பல பொரிப்பகங்களில் குஞ்சுகளை நாள்கணக்கில் தொட்டியில் வைக்கிறார்கள், வருகிறவர்கள் பகலில் கடலில் விட வேண்டும் என்பதற்காக. மணலை விட்டு வெளியே வந்த குஞ்சுக்கு வயிற்றில் மிச்ச மஞ்சள்கரு இருக்கும். அந்தச் சக்தியில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நிற்காமல் நீந்தி, மீனும் பறவையும் மிகுந்த கரையோரத்தைத் தாண்ட வேண்டும். அந்த வேகத்தை அது உங்கள் சிமெண்டுத் தொட்டியின் சுவரில் முட்டியே தீர்த்துவிடுகிறது.

அவரே: நீங்கள் சொல்லுறது சரி எண்டாலும், பொரிப்பகக்காரர் காசு குடுத்து முட்டை வாங்காட்டி அது சந்தைக்குப் போய்விடும். சாப்பிட்டுவிடுவினம்.

அதை ஒத்துக்கொள்கிறேன், சாப்பிடப்படும் முட்டையைவிட வாங்கப்படும் முட்டை மேல்தான். ஆனால் வாங்கிய முட்டை எப்போது, எப்படி வந்தது என்று பாருங்கள். இட்ட சில மணி நேரத்தில் கரு, ஓட்டின் மேற்புறத்து உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். காலையில் சைக்கிள் கூடையில் குலுங்கி வரும் முட்டை என்ன ஆகும்? அடுத்தது சூடு. சுமார் 29 டிகிரிக்கு மேலே போகப்போகப் பெண் குஞ்சுகள் கூடும், கீழே ஆண். நிழலில்லாத மணலில் எல்லாக் கூட்டையும் புதைத்தால் வருஷா வருஷம் ஒரே பாலாக விட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சென்னை, இரவில் ஆமை நடை போகும் மாணவர்: அப்படியென்றால் பெசன்ட் நகரில் நாங்கள் வைத்திருக்கும் பொரிப்பகமும் தப்பா?

அவசரப்படாதீர்கள் தம்பி. உங்கள் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988-லிருந்து நடக்கிறது. நீங்கள் இரவே நடந்து, கூட்டைக் கண்டதும் முட்டையைப் புரட்டாமல் எடுத்து, அதே ஆழத்தில் குழி தோண்டி வைக்கிறீர்கள். குஞ்சு வந்த உடனே விடுகிறீர்கள், நுழைவுச்சீட்டு இல்லை. நாயும் தெருவிளக்கும் நிறைந்த நகரக் கரையில் வேறு வழியும் கிடையாது. நான் சொல்வது தொட்டி வைத்துக் காசு பார்ப்பதைப் பற்றி.

யாழ்ப்பாணத்துக்காரர்: அப்ப அந்த ஊர்ச் சனம் எப்படிப் பிழைக்கிறது?

நல்ல கேள்வி. உங்கள் நாட்டிலேயே ரெகாவ இருக்கிறது. 1990-களில் அங்கே, முட்டை எடுத்துக்கொண்டிருந்தவர்களையே சம்பளம் கொடுத்துக் கூட்டுக் காவலர்களாக வைத்தார்கள். முட்டை இட்ட இடத்திலேயே இருக்கும். பார்க்க வருபவர்கள் இரவில், வெள்ளை விளக்கில்லாமல், தாய் ஆமை முட்டையிடத் தொடங்கும் வரை தள்ளி நின்று பார்ப்பார்கள். அங்கே போக முடிந்தால் போங்கள். மற்ற இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: குஞ்சு பொரிந்து எத்தனை மணி நேரத்தில் விடுகிறீர்கள், பகலிலா இரவிலா, தொட்டியில் நிரந்தரமாக இருக்கும் ஆமை எதற்காக இருக்கிறது? மழுப்பினால் வந்த வழியே திரும்புங்கள். இந்த விவாதம் இத்தோடு போதும்.

ஈரோடு: குஞ்சைக் கையில் வைத்து ஒரே ஒரு செல்ஃபி...?

திருச்சிக்காரருக்குச் சொன்னதுதான்.

தூத்துக்குடி: வாயிலிருந்து தூண்டில் நரம்பு தொங்கும் ஆமையைப் பார்த்தால் இழுத்து எடுக்கலாமா?

இழுக்காதீர்கள். வாயில் தொங்கினாலும் பின்பக்கம் தொங்கினாலும் இழுக்காதீர்கள். கொக்கி தொண்டையில் மாட்டியிருக்கும், நரம்பு குடலுக்குள் போயிருக்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குகிறதல்லவா, அப்படிக் குடல் நரம்பின் மேல் சுருங்கிக் கொண்டிருக்கும். நீங்கள் இழுத்தால் அதே நரம்பு கத்திபோலக் குடலை அறுத்துவிடும். ஒரு முழம் வெளியே விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். அந்த முழத்தை ஓட்டின் மேல் டேப் வைத்து ஒட்டுங்கள், அதைப் பிடித்துத்தான் மருத்துவர் கொக்கியைத் தேடிப் போவார். நிழலில் வையுங்கள், ஈரத்துணி போர்த்துங்கள், மூக்கை மூடாதீர்கள். தூக்கும்போது கழுத்துக்கு மேலுள்ள ஓட்டின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் பிடியுங்கள். துடுப்பைப் பிடித்தால் தோள்மூட்டு பிசகும். விரலை அலகுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நண்டு ஓட்டை நொறுக்கும் வாய் அது.

மாலத்தீவின் மாலேயில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர்: இங்கே பின்பக்கம் மேலே தூக்கி மிதந்துகொண்டே இருக்கும் ஆமையைப் பார்த்தேன், முங்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

உடம்புக்குள் காற்று. நுரையீரல் கிழிந்து உடற்குழிக்குள் காற்று கசிந்திருக்கலாம், அல்லது குடல் அடைத்து வாயு சேர்ந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். முங்க முடியாவிட்டால் இரை கிடையாது, படகு மோதும், முதுகு வெயிலில் வெடிக்கும். உடற்குழிக் காற்றை ஊசியால் இழுப்பார்கள், சிலவற்றுக்கு ஓட்டின் பின்பகுதியில் எடைக்கட்டி ஒட்டுவார்கள். பா அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தில், துனிகொலு தீவில் ஆலிவ் ரிட்லி புராஜெக்ட்டின் மீட்பு மையம் மருத்துவரோடு இருக்கிறது, சொல்லிவிடுங்கள். அங்கே பேய்வலையில் சிக்கி வருபவை பெரும்பாலும் நம் பங்குனி ஆமைகள், அதாவது ஆலிவ் ரிட்லி. மாலத்தீவில் அவை முட்டையிடுவதே அபூர்வம். எங்கோ தொலைந்த வலை, பருவக்காற்று நீரோட்டத்தில் அவற்றையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்கிறது.

கரூர்: ஆமையோடு நீந்திப் போட்டோ...

அடுத்தவர்.

ராமநாதபுரம், விசைப்படகுத் தொழிலாளி மகன்: தன்னார்வம் இல்லக்கா, வேற விஷயம். அப்பா வலையில வந்த பங்குனி ஆமை அசையவே இல்ல. செத்துருச்சா?

அப்படி உடனே முடிவு கட்டாதீர்கள், அவசரப்பட்டுக் கடலிலும் போடாதீர்கள். மயங்கின ஆமையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கித்தான் போகும். மல்லாத்தாமல் வயிறு கீழே இருக்கும்படி வையுங்கள். பின்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குக் கட்டையோ சுருட்டிய வலையோ கொடுங்கள், நுரையீரலில் போன தண்ணீர் வாய் வழியாக வடியும். அவ்வப்போது ஓட்டின் ஒரு ஓரத்தை நாலு விரல் உயரம் தூக்கி இறக்குங்கள், பிறகு மறு ஓரம். கண்ணோரத்தையோ வாலையோ லேசாகத் தொட்டுப் பாருங்கள், சின்ன அசைவு இருந்தாலும் உயிர் இருக்கிறது. நிழல், ஈரத்துணி. குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரம் வரைகூடக் காத்திருக்க வேண்டும். தேறிவிட்டால் எஞ்சினை நியூட்ரலில் போட்டு, வலை தண்ணீரில் இல்லாதபோது, படகின் பின்பக்கமாக நீர்மட்டத்துக்கு அருகே மெதுவாக இறக்குங்கள். தேறாவிட்டால் கரைக்கு வந்ததும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிரினம், சொல்லாமல் வைத்திருந்தால் அப்பாவுக்குத்தான் வம்பு. இப்போது மணி எத்தனை, எப்போது வலையிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.