பாய்ச்சல் குறித்த புள்ளி தரையில் விழுகிறதா? தாளின் ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: கனடாவின் காப்பர்மைன் ஆற்றில் பாயிண்ட் ஏரியிலிருந்து குக்ளுக்டுக் வரை படகில் போகிறோம். பழைய 1:50,000 வரைபடத் தாள்களில், பாறைகளிடையே நீர் சீறிப் பாயும் பாய்ச்சல்களின் கட்ட எண்களை (இடத்தைக் குறிக்கும் எண்களை) படித்து ஜிபிஎஸ்ஸில் ஏற்றினேன். ஆறு மேற்கே ஓடும் இடங்களில் புள்ளிகள் தெற்குக் கரையில் துந்திரத் தரைமேல் விழுகின்றன. ஆறு நகர்ந்துவிட்டதா? ‘திருத்திய கோப்பு’ என்று ஒருவர் விற்கிறார், வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஆறு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரே வீட்டுக்குப் பழைய கதவு எண், புதிய கதவு எண் இருக்குமே, அதே சிக்கல்தான். ஓர் இடத்துக்கு எண் கொடுக்க எங்கிருந்து, எப்படி அளப்பது என்ற அடிப்படைக்கு டேட்டம் என்று பெயர். பழைய தாள்கள் நாட்-27 என்ற பழைய டேட்டத்தில் அச்சானவை. உங்கள் கருவி டபிள்யூஜிஎஸ்-84 என்ற வேறு டேட்டத்தில் படிக்கிறது. அதனால் அந்தப் பகுதியில் புள்ளி ஏறக்குறைய 200 மீட்டர் தெற்கே விழும். ஆறு வடக்கே ஓடும்போது எச்சரிக்கை முன்கூட்டியே வரும், பிழைத்துக்கொள்ளலாம். தெற்கே திரும்பும் வளைவில் இதே பிழை ஆளை விழுங்கும்: பாய்ச்சலுக்கு இன்னும் 200 மீட்டர் என்று திரை காட்டும்போது படகு அதற்குள் இருக்கும்.

கருவியில் முதலில் டேட்டத்தை ‘நாட்-27 கனடா’ ஆக்குங்கள். அதன்பின் எண்களை உள்ளிட்டு, முடிந்ததும் டபிள்யூஜிஎஸ்-84க்குத் திரும்புங்கள். இந்த வரிசை மாறினால் பிழை உள்ளேயே தங்கிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். உங்கள் வழி 114° மேற்குத் தீர்க்கரேகையைத் தாண்டுவதால் யூடிஎம் மண்டலம் (கட்ட எண்களுக்காக உலகைப் பிரித்த வடக்கு-தெற்குப் பட்டை) 12இலிருந்து 11ஆக மாறும். அதைத் தவறவிட்டால் புள்ளி 250 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும், உடனே கண்ணில் படும்.

விற்பவர்கள் விஷயத்துக்கு வருவோம். கனடா அரசின் வரைபடக் கோப்புகள் இலவசம். அவற்றை இறக்கி, தாள்களை ஒட்டவைக்க ஓரங்களை வெட்டிவிட்டுக் காசாக்குகிறார்கள். டேட்டத்தின் பெயர் இருப்பதே அந்த ஓரத்தில்தான்! அதைப் பொடி எழுத்தில் ஒதுக்காமல் முகப்பிலேயே பெரிதாக அச்சிட என்ன தடையோ, தெரியவில்லை.

ஒரு விதிவிலக்கு. அரசு தரும் டிஜிட்டல் ஆற்றுக்கோடுகள் நாட்-83 என்ற புதிய டேட்டத்தில் இருக்கின்றன. டபிள்யூஜிஎஸ்-84க்கும் அதற்கும் ஓரிரு மீட்டர்தான் வித்தியாசம். அவற்றை நாட்-27 என்று எண்ணித் திருத்தவே கூடாது. திருத்தினால் இதே 200 மீட்டர் வடக்குப் பக்கம் போகும். புதிய தாள்களும் அப்படியே. விற்பனைக் கோப்பில் யாரோ ஏற்கெனவே ஒருமுறை திருத்தியிருக்கலாம், இரண்டு முறையும் திருத்தியிருக்கலாம். கோப்பின் பெயர் அதைச் சொல்லாது.

எனவே கிளம்புமுன் ஒவ்வொரு தாளிலும் ஒரு பாறைத் தீவின் முனையைத் தேர்ந்து செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். மணல்திட்டு வேண்டாம், அது பனி உடையும்போது இடம் மாறும்.