ரேம் கூட்டினால் கேம் நன்றாக ஓடுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரைசன் 5 5600ஜி பிராசசர், 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக, தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. ஜிடிஏ 5-இல் கார் கொஞ்சம் வேகமெடுத்தாலே படம் தடக்கித் தடக்கி வருகிறதாம். இன்னொரு 8 ஜிபி போட்டால் சரிவருமா, காசுதான் வீணாகுமா என்கிறார்.

போடுங்கள் தம்பி. உங்கள் மெஷினில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

5600ஜி-க்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு என்று சொந்த மெமரி கிடையாது, உங்கள் ரேமில்தான் பங்கு கேட்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய்ப் பாருங்கள், கீழே 'ஹார்ட்வேர் ரிசர்வ்ட்' என்று ஓர் எண் நிற்கும். கிராபிக்ஸுக்கென்று ஒதுக்கியது பெரும்பாலும் அதுதான், கேம் ஓடும்போது அதற்கு மேலும் எடுக்கும். அதைவிடப் பெரிய விஷயம் வேகம். டிடிஆர்4 வகை ரேம், 3200 வேகம், ஒரு ஸ்டிக் மட்டும் என்றால் செக்கனுக்கு 25.6 ஜிபிதான் போய்வர முடியும், இரண்டு ஸ்டிக் என்றால் 51.2. பிராசசரும் கிராபிக்ஸும் இந்த ஒரே வழியில் முட்டிமோதுவதால்தான் உங்களுக்குத் தடக்குகிறது. அதனால் கடையில் 'இதைக் கழற்றிவிட்டு ஒரே 16 ஜிபியாகப் போடலாம்' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகுமுன் இப்போதுள்ள ஸ்டிக்கின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே வேகம், அதே டிடிஆர்4. டிடிஆர்5 உங்கள் போர்டில் ஏறவே ஏறாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். போர்டில் நான்கு ஸ்லொட் இருந்தால் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லொட்டில் செருகி வைத்திருந்தார்கள், ஒரு வருடமாக ஒற்றைச் சேனலில், அதாவது ஒரு ஸ்டிக்கின் வேகத்தில்தான் ஓடியிருக்கிறது, பாவம்.

தனி கிராபிக்ஸ் கார்ட் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. கேமை ஓடவிட்டு அதே மெமரி பக்கத்தைப் பாருங்கள். 16 ஜிபி ரேமில் நான்கைந்து ஜிபி சும்மா கிடந்தால் 32 ஆக்கிப் பயனில்லை. விளிம்புவரை நிரம்பி டிஸ்க்கும் சேர்ந்து திணறினால் கூட்டத்தான் வேண்டும். சைபர்பங்க் 2077 இப்போது குறைந்தபட்சமே 12 ஜிபி கேட்கிறது. கார்டின் சொந்த மெமரி நிரம்பினால் ரேம் உதவாது, டெக்ஸ்சரைக் குறையுங்கள். லேப்டாப் பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் இழுத்தால் அது பெரும்பாலும் சூடு. கொழும்புப் புழுக்கத்தில் ஃபேனில் தூசி அடைத்தால் வேறென்ன நடக்கும், முதலில் அதைத் துப்புரவாக்குங்கள்.

புது ஸ்டிக்கைப் போட்டதும் டாஸ்க் மேனேஜரில் வேகம் 3200 காட்டுகிறதா பாருங்கள். 2133, 2400 என்று நின்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பை, ஆன் செய்யுங்கள். திரையில் படமே வராவிட்டால் பதறாதீர்கள், கரண்டை நிறுத்திவிட்டு ஸ்டிக்கைக் கழற்றி, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திப் போடுங்கள்.